இலையும் பந்தியும்

சென்ற தை மாதத்தில் நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இருபது பேரை அழைத்துக்கொண்டு மதுரைக்குப் பிரயாணமானோம். மீனாட்சியம்மன் கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் பார்த்துத் திரும்புவதுதான் உத்தேசம். ஆனால் சரித்திர உபாத்தியாயருடன் புறப்பட்ட பிள்ளைகள் அவ்வளவு சுலபத்தில் தப்பிவிட முடியுமா? மாசி வீதிகளில் நடந்து வரும்போது, நானூறு வருஷங்களுக்கு முன் அந்நகரில் வாழ்ந்த ஓர் இளம் பாதிரியாரின் சாப்பாட்டைப் பற்றி அவர்களுக்குச் சொல்லத் தொடங்கினோம்.

"சாப்பாடுதானா கிடைத்தது?" என்று நேயர்கள் புன்னகை செய்யலாம். ஒருவன் என்ன உண்டான், யாருடன் உண்டான் என்பதைக் கொண்டே அக்காலத்து மதுரை மனிதரை எடை போட்டது. இக்காலம் அந்தத் தராசை அடியோடு எறிந்துவிட்டது என்றும் சொல்வதற்கில்லை.

ராபர்ட் டி நொபிலி என்பது அந்தப் பாதிரியாரின் பெயர். இத்தாலி தேசத்தில் பிரபு குடும்பம் ஒன்றில் 1577-ம் வருஷம் பிறந்தவர். இயேசு சபையில் சேர்ந்து துறவியாகி, 1605-ல் கோவாவில் வந்து இறங்கினார். கடற்கரை ஊர்களில் சில மாதம் தங்கித் தமிழ் பயின்ற பின், 1606-ம் வருஷக் கடைசியில் மதுரையை அடைந்தார். அப்போது அவருக்கு வயது 29. திருமலை நாயக்கர் மகால் அன்று எழும்பவில்லை. இன்று வெளி வீதிகள் ஓடும் இடத்தைச் சுற்றிக் கோட்டை மதில் நின்றது.

மதிலுக்குள் அவருக்கு முன்னமே ஒரு போர்த்துக்கீசியப் பாதிரியார் இருந்தார். கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற அம்முதியவர் 1595 முதல் அங்கே தங்கி, சிறு கோயிலும் பள்ளிக்கூடமும் நடத்தி, நோயாளிகளுக்கு மருந்தும் கொடுத்து வந்தார். நல்ல மனிதர், உழைப்பாளி. ஆயினும் பதினொரு வருஷ காலத்தில் நகரத்தார் ஒருவர்கூட அவருடைய மார்க்கத்தில் சேரவில்லை. காரணம் வேதாந்த விசாரணையில் இல்லை; சமையலறையில் இருந்தது. அவரை ஜனங்கள் "பரங்கி" என்றார்கள். மாட்டிறைச்சி தின்பவன், மது குடிப்பவன், முறையாக நீராடாதவன் என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிக் கிடந்தன. அப்படிப்பட்டவர் சொர்க்கத்தைப் பற்றியே பேசினாலும் யார் காது கொடுப்பார்கள்?

இளைஞர் இதைக் கவனித்தார். பெர்னாண்டஸின் வாசஸ்தலத்தை விட்டு விலகி, தனியே ஒரு மண் குடிசையில் குடியேறினார். கறுப்பு அங்கியைக் களைந்து காவி தரித்தார். காலில் பாதக்குறடு, கையில் கமண்டலம், நெற்றியில் சந்தனம். மாமிசம், மீன், முட்டை யாவற்றையும் துறந்தார். சமையலுக்குப் பிராமணர் ஒருவரை அமர்த்திக்கொண்டார். நாளுக்கு ஒரே வேளை ஆகாரம். கொஞ்சம் சோறு, காய் அல்லது கீரை, பால், பழம். ரொட்டியும் பாலாடைக் கட்டியும் ஒலிவ எண்ணெயும் திராட்சை ரசமுமாக வளர்ந்த சரீரம் தரையில் உட்கார்ந்து, இலையில் சோற்றைக் கையால் பிசைந்து உண்ணப் பழகிக்கொண்டது.

ஆகாரம் போக மிஞ்சிய பொழுதெல்லாம் படிப்புக்கே. தமிழைத் தேர்ச்சியாகக் கற்றார். சிவதர்மர் என்ற தெலுங்குப் பிராமணரிடம் சம்ஸ்கிருதம் பயின்றார். அவரோடு முதலில் வாதுக்கு வந்தவர், பெர்னாண்டஸின் பள்ளிக்கூடத்திலேயே கற்பித்து வந்த ஓர் உபாத்தியாயர்! சுமார் இருபது நாள் கேள்வி மேல் கேள்வி கேட்டுவிட்டே அவர் ஞானஸ்நானத்துக்குச் சம்மதித்தாராம். இதைச் சொல்லும்போது நம் தொழிலைப் பற்றி நமக்குச் சற்றே கர்வம் உண்டானதை மறைப்பானேன்? தத்துவ போதகர் என்று பெயர் பெற்ற நொபிலி, பின்னர் ஞானோபதேசம், ஆத்தும நிர்ணயம் முதலிய வசன நூல்களைத் தமிழிலேயே எழுதினார்.

இவ்வாழ்க்கையை அவருடைய சொந்தச் சபையாரே ஏற்கவில்லை. 1610-ல் பெர்னாண்டஸ் ரோமாபுரிக்குப் புகார் எழுதினார். குடுமியும் பூணூலும் சந்தனமும் ஸ்நானமும் தகுமா என்று 1619-ல் கோவாவில் பெரிய சபை கூடி விவாதித்தது. 1623-ல் பதினைந்தாம் கிரிகோரி என்ற போப்பரசர் அவற்றுக்கு அனுமதி அளித்தார்.

கதை இவ்வளவில் இருக்க, பசி வேளையும் வந்துவிட்டது. இலை போட்டுப் பரிமாறும் ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தோம். பரங்கிக்காய்க் கூட்டைக் காட்டி, "இந்தக் காய் அமெரிக்காவிலிருந்து வந்தது. பெயரிலேயே பரங்கி இருக்கிறது. ஆனாலும் ஆசாரமான வீட்டு அடுப்பும் இதை ஏற்றுக்கொண்டது. பரங்கி மனிதனைத்தான் வாசலில் நிறுத்தினார்கள்" என்றோம். பிள்ளைகள் சிரித்தார்கள்.

ஒரு பையன் மட்டும் சிரிக்கவில்லை. இன்னும் உட்காராமல் தூணோரம் நின்றுகொண்டிருந்தான். "ஸார், அந்தப் பாதிரியார் எல்லாரோடும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டாரா?" என்று கேட்டான்.

அவனுடைய ஊர் நமக்குத் தெரியும். திருவிழாச் சாப்பாட்டில் அவனுடைய தெருவாருக்கு எல்லோரும் எழுந்த பிறகே இலை விழும் ஊர் அது.

"இல்லை, தம்பி" என்றோம். வேறென்ன சொல்வது? உயர்ந்த குலத்தாரின் மரியாதையை அடைய நொபிலி அவர்களுடைய இலையை ஏற்றார்; இலையோடு சேர்த்து அவர்களுடைய பந்தியையும் ஏற்றுக்கொண்டார். தாழ்த்தப்பட்டவர்களிடையே ஊழியம் செய்வதற்கு 1640 முதல் பண்டாரசாமிகள் என்று வேறொரு பிரிவு ஏற்பட்டது. ஒரே சபையைச் சேர்ந்த துறவிகள், ஒரே தெய்வத்தைத் தொழுபவர்கள், ஊரார் காணச் சேர்ந்து உண்ண இயலாமற் போயிற்று!

அந்நியர் நம்மை மதித்து நம் உணவை உண்டார் என்று பெருமை கொள்வது எளிது. கண் மங்கிய முதுமையில் 1656-ல் மயிலாப்பூரில் உயிர் நீத்த அவருடைய தியாகத்தைக் குறைத்துப் பேசவும் நமக்கு மனம் வரவில்லை. ஆனால் அவர் நம்மிடம் கற்றது சோறும் கீரையும் மட்டுமல்லவே! சுவரையும் நம்மிடந்தான் கற்றார். குறை அவருடையதா, கற்றுக்கொடுத்த நம்முடையதா?

அதே மதுரையில், 1939-ம் வருஷம் ஜூலை 8-ந் தேதி, ஸ்ரீ அ. வைத்தியநாதய்யர் ஹரிஜனங்களையும் நாடார் குலத்தார் ஒருவரையும் அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் சந்நிதிக்குள் பிரவேசித்தார். கோயில் கதவு அன்று திறந்தது. பந்தியின் கதவோ ஒவ்வொரு வீட்டிலும், ஒவ்வொரு ஊரிலும் தனித்தனியே திறக்க வேண்டியதாயிருக்கிறது. அதற்குச் சட்டம் மட்டும் போதாது.

நம் பக்கத்து இலையைக் காட்டி அந்தப் பையனைக் கூப்பிட்டோம். தயங்கித் தயங்கி வந்து உட்கார்ந்தான். சிறிது நேரத்தில் அவன் பரங்கிக்காய்க் கூட்டு இரண்டாந்தரம் கேட்டு வாங்கியதைக் கண்டபோதுதான், நமக்கும் சாப்பாடு இறங்கியது.