மஞ்சள் ஐரிஸும் என் மௌனமும்

லூசியானாவில் என் வீட்டுப் பின்புறம் தாழ்வான நிலம். ஈரம் காய்வதே அபூர்வம். அங்கே வளர்ந்த மஞ்சள் ஐரிஸ் என்ன செய்யும் என்று தெரிந்தே அதைப் பலருக்குப் பிரித்துக் கொடுத்தேன். அறியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

அந்த நிலத்துக்கு ஏற்ற ஐரிஸ் இந்த ஊரிலேயே உண்டு. மிசிசிப்பி ஆற்றுப்படுகையின் சதுப்புகளில் செம்பு நிற ஃபுல்வா ஐரிஸும் உயரமான நீல ஐரிஸும் தாமாகவே கலந்து எண்ணற்ற நிறங்களைப் பெற்றன. நியூயார்க் தாவரவியல் பூங்காவின் ஜான் ஸ்மால் 1925-இல் ரயிலில் போகும்போது அவற்றைப் பார்த்து வியந்தார். பிறகு 80-க்கும் மேற்பட்ட தனி இனங்களாகப் பெயரிட்டார். அவற்றில் பெரும்பாலானவை சில இனங்களின் இயற்கைக் கலப்புகளே என்று 1930-களில் உயிரியலாளர் பெர்சி வியோஸ்கா காட்டினார். இன்று தோட்டங்களில் பூக்கும் லூசியானா கலப்பின ஐரிஸ்கள் அந்த வழியில் வந்தவை. வேரடியில் தண்ணீர் நின்றாலும் அழுகாது. நல்ல வெயிலும் உரமும் புளிப்பு மண்ணும் இருந்தால் போதும்.

அவற்றையும் நட்டேன். ஆனால் வேரூன்றிப் பூக்கும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமையில்லை. ஒருவர் தந்த மஞ்சள் ஐரிஸோ மளமளவென்று பரவிப் பூத்தது. வந்தவர்கள் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டுக்கு மயங்கினேன்.

அது ஐரோப்பாவிலிருந்து வந்த செடி என்பதைப் படித்தேன். அதன் விதை மிதந்துபோய்க் கரையேறும். ஒடிந்த கிழங்குத் துண்டும் வேர்விடும். அடர்ந்து படர்ந்து உள்ளூர்ச் செடிகளை நெருக்கித் தள்ளும். வாஷிங்டன், ஒரிகன் மாநிலங்களில் அதை விற்கவே தடை. இவ்வளவும் படித்த பிறகும் அடுத்த வசந்தத்தில் கிழங்கைப் பிரித்துக் கொடுத்தேன். "இது லூசியானா ஐரிஸ்தானே?" என்று ஒரு அம்மா கேட்டபோது ஆமாம் என்றேன். உண்மையைச் சொன்னால் அவர் வாங்கமாட்டார், என் தோட்டத்தின் பெருமையும் போய்விடும் என்று பயந்தேன். அந்தப் பொய்தான் என்னை இன்றும் உறுத்துகிறது.

எங்கள் வாய்க்கால் சேரும் ஓடையில் இப்போது மஞ்சள் புதர்கள் நிற்கின்றன. அவை என் வீட்டிலிருந்து போனவை என்று நிரூபிக்க முடியாது. இல்லை என்று சொல்லும் தகுதியும் எனக்கில்லை.

என்னிடமிருந்த மஞ்சள் ஐரிஸ் முழுவதையும் தோண்டியெடுத்துவிட்டேன். துண்டுகளை எருக்குழியில் போடாமல் பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்பினேன். வாங்கியவர்களின் வீடுகளுக்குப் போய் உண்மையைச் சொல்லி வருகிறேன். முதலில் அந்த அம்மாவிடம்தான் போனேன். அவர் அதற்குள் தன் தங்கைக்கும் ஒரு துண்டு கொடுத்திருந்தார்.

என் கையால் மஞ்சள் ஐரிஸ் வாங்கியவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: காய் முற்றுமுன் கிழங்கோடு எடுத்துவிடுங்கள். அதன் சாறு தோலில் அரிப்பு உண்டாக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். முடியாதவர்கள் சொல்லியனுப்புங்கள், நானே மண்வெட்டியோடு வருகிறேன். அந்த இடத்தில் நட லூசியானா ஐரிஸும் கொண்டு வருகிறேன்.