கூரைக்குக் கீழே

புவியிடத் தரவையும் மானிடவியலையும் ஏன் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று கேட்கும் நண்பர்களுக்கு, குருவிட்டப் பக்கத்துத் தோட்டங்களையே நான் விடையாகச் சொல்வேன்.

செய்மதிப் படத்தில் லயம் ஒரு நீண்ட தகரக் கூரை; அவ்வளவே. அதன்கீழ் எத்தனை காம்பிராக்கள், ஒரு காம்பிராவில் எத்தனை குடும்பங்கள் என்பதை வாசற்படியில் அமர்ந்து கேட்டாலன்றி அறிய முடியாது. தனி முகவரி இன்றி, தோட்ட அலுவலகம் வழியே கடிதம் பெற்றுப் பழகிய மக்கள் அவர்கள்.

2003 மே மாதப் பெருமழையில் இரத்தினபுரி மாவட்டத்து மண்சரிவுகள் பல உயிர்களைக் குடித்தன. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அபாய வரைபடம் சரியக்கூடிய மலையைக் காட்டும். நள்ளிரவில் யார் யாரை எழுப்ப வேண்டும் என்பதைக் காட்டாது.

தோட்டத்துப் பிள்ளையொன்று இவ்விரண்டையும் கற்றுத் திரும்பட்டும். கூரைகளை எண்ணும் வரைபடம் அன்று குடும்பங்களை எண்ணத் தொடங்கும்.