லோயருக்கு முதலில் சொல்லுங்கள்

லண்டனில் புதிதாக வந்திறங்கும் எங்கள் பிள்ளைகள் முதலில் தேடுவது தெரிந்த முகத்தைத்தான். ஒன்றுவிட்ட அண்ணன், ஊர்க்காரர், ஒரே அறையில் இருப்பவர், தமிழ்க்கடை முதலாளி. படுக்க இடமும் ஒரு நேரச் சோறும் தருகிறவர்கள் அவர்கள்தான். அந்த நன்றியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் தஞ்சக் கேஸை எப்படிக் குடுப்பது என்ற கேள்விக்கும் அவர்களிடமிருந்தே பதில் வரும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது. சட்டத்தரணிகளுக்கும் எங்கள் ஆட்களுக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தே எனக்கு வயது போய்விட்டது. உண்மையாகவே அடிவாங்கிய பிள்ளையின் கேஸ், யாரோ எழுதிக் கொடுத்த கதையால் விழுந்ததைக் கண்டிருக்கிறேன். அதனால்தான் பிள்ளைகளே, இதை எழுதுகிறேன்.

"இப்படிச் சொன்னால்தான் விசா தருவான்" என்று தொடங்கும் ஆளிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். இரவல் சட்டை போலத்தான் இரவல் கதையும், தோளில் நிற்காது. தஞ்சம் கேட்டதும் முதலில் ஒரு சிறு விசாரணை நடக்கும். கைரேகை எடுப்பார்கள், வந்த வழியைக் கேட்பார்கள், ஏன் வந்தாய் என்று சுருக்கமாகக் கேட்பார்கள். அன்று சொன்னது எழுத்தில் கிடக்கும். பிறகு வரும் பெரிய இன்ரவியூவில் அதே விசயத்தை நாலு பக்கத்திலிருந்தும் கேட்பார்கள். எந்த முகாம், எத்தனை பேர் அறைக்குள் இருந்தீர்கள், யார் வெளியே எடுத்தது, எவ்வளவு காசு கட்டினீர்கள். இரண்டும் முரண்பட்டால், "நம்பத்தக்கவர் அல்ல" என்ற ஒரு வரியே நிராகரிப்புக் கடிதம் முழுவதையும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

திகதிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் சனம் நாட்காட்டி பார்த்து நினைவு வைப்பதில்லை. நல்லூர்த் திருவிழாவுக்குக் கொஞ்சம் முதல், 95 யாழ்ப்பாண இடப்பெயர்வுக்குப் பிறகு, மெனிக் பாம் முகாமில் இருந்து வெளியில் விட்ட கையோடு. இப்படித்தான் எங்கள் ஆட்களுக்கு ஞாபகம் இருக்கிறது. அப்படியே சொல்லுங்கள். அதிகாரி கேட்கிறாரே என்ற பயத்தில் ஒரு திகதியை உருவாக்கிக் கொடுக்காதீர்கள். தெரியாது என்றால் தெரியாது, சரியாக ஞாபகமில்லை என்றால் அதையே சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளரின் தமிழ் விளங்காவிட்டால் அந்த இடத்திலேயே சொல்லி, அதைப் பதிவில் ஏற்றச் செய்யுங்கள். முடிந்ததும் பதிவின் பிரதியை வாங்கி லோயரோடு இருந்து வரிவரியாகப் பாருங்கள். பிழை இருந்தால் தாமதிக்காமல் எழுத்தில் திருத்தி அனுப்பச் சொல்லுங்கள்.

இதற்கெல்லாம் முதல், லோயர் முழுவதையும் அறிந்திருக்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் தடுக்கி நிற்கும் இடம் இதுதான். புலிகள் இயக்கத்தில் இருந்ததைச் சொன்னால் பயங்கரவாதி என்று பிடித்துவிடுவார்களோ என்று பயப்படுகிறார்கள். சொந்தப் பாஸ்போட்டில் கட்டுநாயக்கா விமான நிலையத்தால் வெளிக்கிட்டதைச் சொன்னால் ஆபத்து இல்லை என்று நினைத்துவிடுவார்களோ என்று மறைக்கிறார்கள். ஏஜென்சிக்காரன் எங்கே யாருக்குக் காசு கட்டி வெளியில் அனுப்பினான் என்பது தெரிந்தால், லோயரால் அதை விளக்க முடியும். மறைத்தது பிறகு அகப்பட்டால் விளக்கவும் வழியில்லை. உங்கள் அனுமதி இல்லாமல் உங்கள் கதையை வெளியில் சொல்ல லோயருக்கு உரிமை கிடையாது. அதே வேளை பொய் என்று தெரிந்ததை மன்றத்தின் முன் வைக்கவும் அவரால் முடியாது. அதனால் உண்மையோடு போங்கள்.

கொழும்பு நாலாம் மாடிப் பொலிஸ் விசாரணைக் கூடத்திலோ முகாமிலோ உடம்புக்கு நடந்ததைச் சொல்வது இன்னும் கடினம். ஆண் பிள்ளைகளுக்கும் அது நடந்திருக்கிறது, அவர்கள் பெண்களை விடவும் இறுக்கமாக வாயை மூடிக்கொள்கிறார்கள். பெண் லோயர் வேண்டும், பெண் அதிகாரி வேண்டும், ஆண்தான் வேண்டும் என்று கேட்கலாம். மொழிபெயர்க்க வந்தவர் உங்கள் ஊர்க்காரராக இருந்து கூச்சமாக இருந்தால், வேறு ஆளைக் கேட்பதற்கும் வெட்கப்படாதீர்கள். என் முகத்தைப் பார்த்ததும் சொல்ல வந்ததை விழுங்கிய பிள்ளைகள் உண்டு. நான் எழுந்து வெளியே போய், வேறு ஆளை ஒழுங்குபடுத்தச் சொல்லியிருக்கிறேன். எனக்கு அதில் ஒரு மனக்குறையும் இல்லை.

சட்டம் பார்க்கும் விதத்தைத் தெரிந்தால், முழுவதையும் லோயருக்குச் சொல்வதன் அவசியம் விளங்கும். தமிழர் என்ற ஒரே காரணம் போதாது என்று மேல் தீர்ப்பாயம் 2013இல் வழிகாட்டுத் தீர்ப்பில் சொன்னது. யுத்தம் முடிந்த பின்னும் பிரிவினைக்கு உழைக்கிறவர் என்று இலங்கை அரசு கருதுகிறதா, பிடியாணை இருக்கிறதா, ஊடகக்காரரா, மனித உரிமைக்காரரா என்பதையெல்லாம் பார்க்கிறார்கள். இங்கே வந்து செய்யும் அரசியல் வேலை எப்போது ஆபத்தாகும் என்பதை 2021இல் வந்த இன்னொரு தீர்ப்பு விரித்துச் சொல்கிறது. ஊர்வலத்தில் கொடி பிடித்ததும், கூட்டத்துக்குக் கதிரை அடுக்கியதும்கூட உங்களுக்குச் சின்ன விசயமாகத் தெரியலாம். எது கனமானது என்று நிறுத்துப் பார்ப்பது லோயரின் வேலை.

தழும்புகளையும் காட்டுங்கள். எங்கள் நாட்டைச் சேர்ந்த ஒருவரின் கையிலும் முதுகிலும் சுட்ட இரும்பால் வந்த தழும்புகள் இருந்தன. அவரே ஆள் வைத்துத் தனக்குச் சூடு போடுவித்திருக்கலாம் என்று சந்தேகித்தார்கள். 2019 மார்ச்சில் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்று, வழக்கை மறுபடி விசாரிக்க அனுப்பியது. மருத்துவர் தழும்பைப் பார்த்துவிட்டு, சொல்லப்பட்ட கதையோடு அது எவ்வளவு பொருந்துகிறது என்றும் சொல்லலாம் என்றது. சித்திரவதைக் காயங்களை ஆவணப்படுத்த இஸ்தான்புல் நெறிமுறை என்று ஐ.நா. வழிகாட்டி இருக்கிறது. அதன்படி அறிக்கை எழுதும் மருத்துவரை லோயர்தான் ஒழுங்குபடுத்துவார்.

யாரிடம் போவது? தஞ்சம் கேட்கக் கட்டணமே கிடையாது. கையில் காசில்லாதவருக்கு லீகல் எய்ட் உண்டு. 2012 சட்டம் எத்தனையோ குடிவரவு வழக்குகளை அதிலிருந்து வெட்டியபோதும் தஞ்சக் கேஸ் தப்பியது. மொழிபெயர்ப்புக்கும் மருத்துவ அறிக்கைக்கும் அதிலிருந்தே காசு வரும். லீகல் எய்ட் எடுக்கும் லோயர் கிடைப்பது இப்போது பெரும் பாடு, லண்டனுக்கு வெளியே இன்னும் மோசம். ஓரிடத்தில் இல்லையென்றால் சோர்ந்துபோய் காசு கேட்கிறவனிடம் ஓடாதீர்கள், அடுத்த இடத்தில் கேளுங்கள். சொலிசிட்டர் போன்ற தகுதிபெற்ற சட்டத்தரணி அல்லாதவர் ஆலோசனை சொல்வதென்றால் குடிவரவு ஆலோசனை ஆணையத்தில் பதிந்திருக்க வேண்டும். 2025க்கு முதல் அதற்கு வேறு பெயர் இருந்தது. பதிவில்லாமல் ஆலோசனை சொல்வது இரண்டு வருடம் வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம். பதிவேட்டை யாரும் பார்க்கலாம். பெயரைக் கேளுங்கள், பார்த்துவிட்டு உட்காருங்கள். காசு கொடுத்தால் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

நிராகரிப்பு வந்தால் உலகம் முடிந்ததென்று படுத்துவிடும் பிள்ளைகளுக்கு ஒரு பழைய வழக்கைச் சொல்கிறேன். 1987 பெப்ரவரியில் ஹீத்ரோவில் எங்கள் ஆட்கள் உடைகளைக் களைந்து நாடுகடத்தலை எதிர்த்த காலம் அது. அந்த வருட முடிவில் ஆறு தமிழர்களின் வழக்கு பிரபுக்கள் சபை வரை போய்த் தோற்றது. அதைத் தொடர்ந்து 1988இல் ஐந்து பேர் இலங்கைக்கு அனுப்பப்பட்டார்கள். நாட்டுக்கு வெளியே போன பிறகுதான் அப்பீல் செய்யலாம் என்ற சட்டம் அன்றைக்கு. அவர்களுடைய லோயர்மார் கோப்பை மூடவில்லை. இங்கிருந்தே அப்பீலை நடத்தினார்கள். 1989இல் தீர்ப்பாளர், அவர்களின் பயத்துக்கு ஆதாரம் உண்டு, திருப்பி அழைக்க வேண்டும் என்று முடிவு சொன்னார். அவர்கள் மீண்டும் பிரித்தானியாவுக்கு வந்தார்கள். மேலே ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1991இல் அரசின் பக்கம் தீர்ப்புச் சொன்னது வேறு கதை.

இன்று பெரும்பாலோர் இங்கிருந்தே அப்பீல் செய்யலாம், ஆனால் தவணை 14 நாள்தான். கடிதம் அனுப்பிய நாளிலிருந்து எண்ணுவார்கள், நீங்கள் பிரித்த நாளிலிருந்து அல்ல. வெல்லும் வாய்ப்புக் குறைவு என்று சொல்லி லீகல் எய்ட் லோயர் விலகினால், அந்த முடிவை மறுபரிசீலிக்கக் கேட்கும் சீடபிள்யூ 4 படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். வீடு மாறினால் அன்றைக்கே ஹோம் ஒபிஸுக்கும் லோயருக்கும் புதிய முகவரியை எழுத்தில் அனுப்பி, அனுப்பியதற்கான சான்றைக் கையில் வைத்திருங்கள்.