வாழைநார் திரிக்கும் மேலக்கால்

மதுரையிலிருந்து கோச்சடை வழியாக மேற்கே சென்றால் வைகைக் கரையோரம் வாழைத் தோட்டங்கள் தென்படும். வாழை ஒரே முறைதான் குலை ஈனும். பின்னர் அம்மரத்தை வெட்டி அகற்றுவதே விவசாயிக்குச் செலவு. பூக்காரர் ஒருவர் வாழைநாரால் பூத் தொடுப்பதைக் கண்ட மேலக்கால் விவசாயி பி.எம். முருகேசன், 2008ஆம் ஆண்டில் நார்க்கயிறு திரிக்கத் தொடங்கினார். கையால் திரித்தது சீராக அமையவில்லை. தென்னைநார் இயந்திரமும் ஒத்துவரவில்லை. இறுதியில் மிதிவண்டிச் சக்கரத்தைக் கொண்டு தாமே ஒரு கருவி அமைத்தார். அக்கயிற்றை ஊர்ப் பெண்கள் வீட்டுக்கு எடுத்துச் சென்று கூடைகள் பின்னுகின்றனர். பிள்ளைகளையும் அடுப்பையும் விட்டு அகலாமலே கூலி கைக்கு வருகிறது. வறண்ட கோடையில் வயல்வேலை இல்லாத வீட்டுக்கு அதன் அருமை தெரியும். நான் வாங்கிவந்த கூடையை என் வீட்டார் இருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு, "சணல்தானே?" என்றார்கள்.