ஒன்பது ஆட்டின்

2009-இல் பெங்களூரு மடிவாளாவில் நாங்கள் நாலு பேர் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அதில் மூத்தவர் மதுரைக்காரர், எங்களுக்கெல்லாம் அண்ணன். எனக்குப் போக்கர் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். கல்யாண வீடுகளில் விடிய விடிய ரம்மி ஆடிப் பழகிய கை என்னுடையது. பதின்மூன்று சீட்டை விசிறியாகப் பிடித்தவனுக்கு இரண்டே சீட்டு என்றதும், இவ்வளவுதானா என்றிருந்தது.

விதிகள் ஒரே ராத்திரியில் முடிந்துவிட்டன. ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்த்துத் தருவார்கள். நடுவில் விழும் ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொது. முதலில் மூன்று சேர்ந்து விழும், அது ஃப்ளாப். நாலாவது டர்ன், ஐந்தாவது ரிவர். மொத்தம் ஏழில் நல்ல ஐந்து யாரிடம் சேர்கிறதோ பணம் அவருக்கு. ஒவ்வொரு கட்டத்திலும் பணம் கட்டலாம், ஏற்றலாம், அல்லது சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கலாம். ‘கவிழ்க்கிறதுதான்டா ஆட்டமே’ என்று அண்ணன் திரும்பத் திரும்பச் சொன்னார். கையில் ஜோடி இல்லாதவனுக்கு ஃப்ளாப்பில் ஒரு ஜோடியாவது சேர்வது ஏறக்குறைய மூன்று தடவைக்கு ஒரு தடவைதான்.

முதல் மாதம் புளியங்கொட்டை வைத்து ஆடினோம். கொட்டைக்கு ஆடும்போது நான் கவிழ்த்ததே இல்லை. அடுத்து என்ன விழுகிறது என்று பார்த்தே ஆக வேண்டும். பணம் வைத்து ஆடத் தொடங்கிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை. அண்ணன் ஊருக்குப் போயிருந்தார். வெளியிலிருந்து இரண்டு பேர் ஆட வந்திருந்தார்கள். என் கையில் ஆட்டின் ராஜாவும் ஆட்டின் ஒன்பதும். நடுவில் விழுந்த நாலில் இரண்டு ஆட்டின். இன்னும் ஒன்று விழுந்தால் ஐந்தும் ஆட்டின், அதாவது ஃப்ளஷ். அதுவரை சேர்ந்திருந்தது 4,000 ரூபாய். எதிரே இருந்தவன் இன்னொரு 4,000 கட்டினான்.

எனக்குக் கணக்கு தெரியும். கண்ணில் படாத சீட்டு 46, அதில் ஆட்டின் 9. ஐந்துக்கு ஒன்று. 4,000 போட்டு 8,000 எடுக்க, மூன்றுக்கு ஒன்றாவது இருந்தால்தான் கட்டுப்படியாகும். தெரிந்தேதான் பீரோவிலிருந்த கவரைப் பிரித்தேன். நாலு பேருடைய வாடகையும் அதில்தான் இருந்தது, 12,000 ரூபாய். கவரின் மேல் ‘வாடகை’ என்று நானே எழுதியிருந்தேன்.

கிளாவர் ஏழு விழுந்தது. விடிவதற்குள் கவரில் மீதி இருந்ததும் போனது.

காலையில் திண்டுக்கல்லுக்குப் போன் போட்டு, ஆஸ்பத்திரிச் செலவு என்று அக்காவிடம் பொய் சொன்னேன். அவள் தையல் வேலை செய்து 20,000 ரூபாய் ஏலச்சீட்டு கட்டிவந்தாள், பவர் மெஷின் வாங்க. அந்த மாதமே 5,000 தள்ளிச் சீட்டை எடுத்து, எனக்கு 12,000 அனுப்பினாள். ஆறு மாதத்தில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவள் தள்ளிய 5,000 மட்டும் நான் கொடுத்த கணக்கில் வரவே இல்லை. மெஷின் வாங்குவதும் இரண்டு வருஷம் தள்ளிப்போனது.

அந்த மெஷின் வந்த பிறகுதான் அவளிடம் உண்மையைச் சொன்னேன், எந்தச் சீட்டு விழுந்தது என்பது வரைக்கும். அவள் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

“ஆட்டினே விழுந்திருந்தா அதோட எந்திரிச்சிருப்பியாடா?”

“இல்லக்கா.”

அவள் துணியைத் திருப்பிப் போட்டு மறுபடியும் தைக்க ஆரம்பித்தாள்.