மார்கழித் தோட்டம்

யாழ்ப்பாண நகரிலிருந்து வடமேற்கே ஏறக்குறைய 8 கிலோமீற்றர் சென்றால் மானிப்பாயை அடையலாம். மருதடிப் பிள்ளையார் கோயிலாலும், அமெரிக்க மருத்துவர் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலே மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தமையாலும் பெயர் பெற்ற ஊர் இது. ஆயினும் கார்த்திகை மாதத்தில் இவ்வூர் ஒழுங்கைகளிலே நடக்கும்போது நம் கண்ணைக் கவர்வன, கிடுகுப் பந்தலின் கீழ்ப் பச்சைப் பட்டு விரித்தாற்போல் முளைத்திருக்கும் கோவா நாற்றுக்களே.

குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையைச் சுண்ணாம்புக்கற் பாறை உறிஞ்சிக் கிணறுகளுக்கு அளிக்கின்றது. மழை ஓய்ந்தபின் மார்கழியிலும் தையிலும் இரவிலே பனி விழும்; வெப்பம் ஏறக்குறைய 22 பாகைக்கு இறங்கும். கோவா, கரட், பீற்றூட் முதலியன குளிர்நாட்டுப் பயிர்கள். 1868 மீற்றர் உயரமான நுவரெலியாவிலே அவற்றுக்கு எப்போதும் குளிர் உண்டு. நமக்கோ மூன்று மாதத் தவணைதான். பங்குனி வெயில் தொடங்குமுன் அறுவடை முடியவேண்டும்.

ஆகவே எதை நடுவது என்பது நாட்கணக்கைப் பொறுத்தது. முள்ளங்கி நாற்பது, நாற்பத்தைந்து நாளிற் கைக்கு வரும். நோக்கோலுக்கு நட்டபின் ஒன்றரை மாதம். பீற்றூட்டுக்கு இரண்டு, இரண்டரை மாதம். கரட்டுக்கு மூன்று மாதம். கரட்டைப் பிடுங்கி நட்டால் கிழங்கு கோணலாகும். பாத்தியிலேயே விதைத்தல் நன்று. கோவாவுக்கு மேடையில் நான்கு வாரமும், நட்டபின் மூன்று மாதமும் வேண்டும். வெப்பம் தாங்கும் இனத்தையே தெரிந்தெடுத்தல் வேண்டும். மற்றையவை இலை விரித்து நிற்குமேயன்றி உருண்டு திரளா. பூக்கோவா இன்னும் செல்லப்பிள்ளை. சிறிது சூடு கூடினும் பூ இறுகாது சிதறிவிடும். கத்தரி விதைபோல் கோவா விதையை வீட்டிற் சேமிக்கவும் இயலாது. நீண்ட குளிரைக் கண்டபின்பே அது பூக்கும். ஆண்டுதோறும் விதை வாங்கவேண்டியதே.

இக்கணக்கை நாம் பட்டே அறிந்தோம். ஓராண்டு பிறரை முந்திச் சந்தைக்குப் போகும் ஆசையாற் புரட்டாதியிலேயே விதைத்து, ஐப்பசி நடுவில் நட்டோம். அயல் தோட்டத்துப் பெரியவர், “தம்பி, வானம் இன்னும் கொட்டித் தீர்க்கவில்லை, பொறுத்து நடுங்கோ” என்றார். நாம் கேட்கவில்லை. நான்கு நாள் விடாமழையிற் பாத்திகள் குளமாயின. வேரழுகி எல்லாம் சாய்ந்தன. அவரோ மேட்டிலே, பந்தலின் கீழ் நாற்றுக்களைக் காத்திருந்தார். மார்கழி பிறக்க நட்டார். மாசியிற் கோவா வெட்டினார். அவ்வாண்டு நம் வீட்டுக் கோவா வறை அவர் தந்த காயிலே ஆனது.

இன்னொரு கணக்கும் உண்டு. கோவா பெருந்தீனிப் பயிர். நைதரசன் பசளையை அளவின்றி இட்டால், எஞ்சியது பாறை வெடிப்புகளினூடே கிணற்றைச் சேரும். குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றே உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. குடாநாட்டின் தோட்டப் பகுதிகளிலே பல கிணறுகள் அதனைத் தாண்டியுள்ளன. கைக்குழந்தைகளுக்கு அந்நீர் பெருந்தீங்கு. மேலும் நம் நன்னீர் உவர்நீரின்மேல் மிதப்பது. மிகையாய் இறைத்தால் உப்பு ஏறும்.

எனவே சிறு வளவுடையோர் இரண்டு பாத்தி கோவாவுடன் நிறுத்தி, மீதியில் முள்ளங்கியும் பீற்றூட்டும் இடலாம். பூவரசங் குழையும் எருவும் தாழ்த்து, பசளையைக் குறைக்கலாம். அடுத்த போகத்துக்குப் பயிற்றை நட்டால் மண்ணும் தேறும். பள்ளிப் பிள்ளைகளும் ஒரு பாத்தியை ஏற்று, விதைத்த நாளைக் குறித்து வைப்பார்களாக. தோட்டத்தின் காய் ஒரு பருவத்துக்கு உரியது. கிணற்றின் நீரோ பேரப்பிள்ளைகளுக்கும் உரியது.