கும்ஜுங்கிலிருந்து எட்டாம் வகுப்பு 'பி'க்கு

அன்புள்ள அக்கா,

எட்டு 'பி'யை உங்கள் தலையில் கட்டிவிட்டு வந்துவிட்டேன், கோபிக்காதீர்கள். நேபாளத்து நாம்சே பஜாரிலிருந்து இந்த ஊருக்கு ஏறி வருவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. உயரம் 3,790 மீட்டர். நம் லேபிலிருந்து எடுத்துவந்த தெர்மாமீட்டரை இன்று காலை விடுதிக்கார அம்மாவின் அடுப்பில் கொதித்த தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். 87 டிகிரி! தண்ணீர் தளதளக்கிறது, பருப்போ கல்லாகக் கிடக்கிறது. அந்த அம்மா சிரித்துக்கொண்டே குக்கரை எடுத்தார். காற்றழுத்தப் பாடத்தை இனிப் பருப்பிலிருந்துதான் தொடங்கப்போகிறேன்.

அந்த அம்மாவின் பெயரிலேயே புதன்கிழமை இருக்கிறது. இங்கே பிறந்த கிழமையையே பெரும்பாலும் பெயராக வைக்கிறார்கள்: நிமா ஞாயிறு, தாவா திங்கள், மிங்மா செவ்வாய், லாக்பா புதன், புர்பா வியாழன், பசங் வெள்ளி, பெம்பா சனி. எவரெஸ்ட் உச்சியைத் தொட்ட முதல் நேபாளப் பெண் பசங் லாமு ஷெர்பா. 1993-இல் ஏறியவர், இறங்கும் வழியில் இறந்துபோனார். பிள்ளைகளை அவரவர் பிறந்த கிழமையை வீட்டில் கேட்டுவரச் சொல்லுங்களேன். வகுப்பில் எத்தனை பசங் தேறுகிறார்கள் என்று பார்ப்போம்.

வழியில் ஒரு பையனைப் பார்த்தேன். முதுகில் 'டோகோ' என்கிற மூங்கில் கூடை, அதன் பாரம் முழுவதும் நெற்றியில் மாட்டிய 'நாம்லோ' பட்டையில். களைத்தால் கூடையை இறக்குவதில்லை. கையிலிருக்கும் டி வடிவக் கட்டையைக் கூடைக்கு அடியில் முட்டுக்கொடுத்து நின்றபடியே இளைப்பாறுகிறான். ஷெர்பாவா என்று கேட்டேன். "ராய்" என்றான். சுருக்கென்றது. 'ஷர்' என்றால் கிழக்கு, 'பா' என்றால் ஆட்கள். சில நூற்றாண்டுகளுக்கு முன் திபெத்தின் கிழக்குப் பக்கத்திலிருந்து கணவாய் தாண்டி வந்து குடியேறிய இனம் அது, தொழிலின் பெயர் இல்லை. சுமை தூக்குகிறவர்களில் ராய், தமாங் மக்களும் ஏராளம்.

எவரெஸ்ட் ஏறிய ஹிலாரி 1961-இல் தொடங்கிய பள்ளி இங்கேதான். ஊருக்கு மேலே கும்பிலா, 5,761 மீட்டர். தெய்வம் குடியிருக்கும் மலை என்று அதில் யாரும் ஏறுவதில்லை. எவரெஸ்ட் உயரத்தை ஒப்பிக்கும் நம் பிள்ளைகளுக்கு இதையும் சொல்ல வேண்டும்.

நாளை போர்ட்சே. 2003 முதல் அங்கே குளிர்காலத்தில் உள்ளூர்க்காரர்களுக்கு மலையேற்றப் பயிற்சி தருகிறார்கள். மீன் குஞ்சுக்கு நீச்சலா என்று முதலில் நினைத்தேன். ஆனால் மலையில் பிறப்பது வேறு, பனிச்சுவரில் கயிற்றுமுடிச்சை நம்பித் தொங்குவது வேறு. 2014 ஏப்ரல் 18 அன்று எவரெஸ்ட் பாதையிலுள்ள கும்பு பனியருவியில் பனிப்பாறை சரிந்து 16 பேர் செத்தார்கள். அத்தனை பேரும் நேபாளிகள், மற்றவர்கள் ஏறுவதற்காக வேலை செய்துகொண்டிருந்தவர்கள்.

ஒரு உதவி. கிளம்புமுன் 'ஷெர்பா என்றால் சுமை தூக்குபவர்' என்று நோட்டில் எழுதவைத்தேன். திருத்தும்போது அந்த வரிக்கு மட்டும் டிக் போட்டுவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் பூகோள டீச்சர்